முகம் காட்டாத சூனியக்காரி: வன்னிக் கிராமமொன்றில் ஒரு திகில் படமும் அதன் பின்விளைவும்

இது வன்னியில், குளத்தை அண்டிய ஒரு குடியேற்றக் கிராமத்தில் நடந்த சம்பவம். ஊரின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த ஒழுங்கை மாற்றவில்லை. அந்தப் பகுதியில் உளசமூகப் பணி செய்பவன் நான். படம் போட்ட அன்று நான் அங்கே இல்லை. கதை பெருத்த பிறகுதான் கூப்பிட்டார்கள். ஆகவே முதற்பகுதி, இருந்தவர்கள் சொன்னவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதியது.

பின்புலம்

ஊர்ச் சனசமூக நிலையத்தில் இளைஞர்கள் சிலர் மாதத்துக்கு ஒரு படம் போட்டு வந்தார்கள். முன்னின்று நடத்தியவர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். நல்ல படங்களாகத்தான் தேடிப் பிடித்தார். வருபவர்கள் பத்துப் பதினைந்து பேரைத் தாண்டவில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் ஒரே பிடியாகக் கேட்டது பேய்ப்படம். எப்படியும் போனில் தனித்தனியே பார்க்கிறார்கள், கூடியிருந்து பார்த்துவிட்டுக் கதைத்தால் நல்லதுதானே என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் எனக்கு இன்றைக்கும் குறை தெரியவில்லை.

அவர் தேர்ந்தது ‘சூப்பர்ஸ்டிஷன்’. ஜேம்ஸ் டபிள்யூ. ராபர்சன் இயக்கிய 1982ஆம் ஆண்டுப் படம். அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்து சேரவே 1985 ஆகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக வெட்டுப்பட்டுச் சாகும் ‘ஸ்லாஷர்’ வகைதான், ஆனால் கொல்வது முகமூடி போட்ட மனிதன் இல்லை. 1692இல் குளத்துக்குள் அமிழ்த்திக் கொல்லப்பட்ட எலொன்ட்ரா என்ற சூனியக்காரி, அந்தக் குளத்தடி வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் பழிதீர்க்கிறாள். வீடு திருச்சபைக்குச் சொந்தமானது; குடிவருவது ஒரு மதகுருவும் அவருடைய குடும்பமும். மைக்கிரோவேவ் அடுப்புக்குள் ஒரு தலை வெடிக்கிறது, வட்ட வாள் ஒன்று தானாகக் கழன்று பறந்து வந்து ஆளைக் கொல்கிறது.

படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அது தேவைப்படும். கதையில் ஓட்டைகள் உண்டு, நடிப்பும் சில இடங்களில் மரத்தனம். ஆனாலும் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்காத படம். இந்த வகைப் படங்களில் யார் தப்புவார்கள் என்று பாதியிலேயே கணக்குப் போட்டுவிடலாம். இதில் அந்தக் கணக்குச் சரிவராது. மதகுரு என்றோ சின்னப் பிள்ளை என்றோ விடுதலை கிடையாது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கொலை நடக்கும் காட்சிகளில் அவளுடைய முகம் சரியாகத் தெரிவதில்லை. பெரும்பாலும் ஒரு கை, நகம், ஒரு கருநிழல், அவ்வளவுதான். வீடியோக்காரர் இந்தப் படத்தை விரும்பியதும் அதற்காகத்தான்: குறைந்த காசில் எப்படிப் பயம் காட்டுவது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஊரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். குளத்தின் அலைகரையோரம் ஒரு ஆச்சி தனியே இருக்கிறார். 2010இல் மீள்குடியேற வந்தபோதே தனியாள்; இடம்பெயர்ந்து போனபோது கூட இருந்தவர்கள் திரும்பவில்லை. நாவூறு பார்ப்பார், தண்ணீர் ஓதிக் கொடுப்பார், பயந்த பிள்ளைக்கு நூல் கட்டுவார். நடக்கும்போது தனக்குத்தானே ஏதாவது கதைத்துக்கொண்டு போவார். குழந்தை இரவில் வீரிட்டால் தாய்மார் தூக்கிக்கொண்டு ஓடுவது அவரிடம்தான். அதே தாய்மாரில் சிலர், எடுக்கத் தெரிந்தவவுக்குப் போடவும் தெரியும் என்று குசுகுசுப்பதும் உண்டு. படம் வருமுன்பே அந்தக் கதை ஊரில் இருந்தது. விசாரித்தபோது இதைப் பலரும் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள்.

திரையிட்ட மாலை

பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று ஏற்பாடு. வாசலில் ஒருவர் நின்று பார்த்துத்தான் உள்ளே விட்டார். ஆனால் சனசமூக நிலையம் அரைச்சுவர்க் கட்டிடம், மேலே கம்பிவலை. உள்ளே விடப்படாத தம்பி தங்கைகள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, அதன் கரியரில் ஏறி நின்று வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருமுறை கலைத்தால் பத்து நிமிடத்தில் மற்றப் பக்கத்தில் முளைத்தார்கள். சத்தத்தை ஆரம்பத்திலேயே நன்றாகக் குறைத்து வைத்திருந்தார்கள். வெடிச்சத்தம் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒத்துவராது என்பது இங்கே யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை.

அதனால் உள்ளே இருந்தவர்களும் வலைக்கு வெளியே நின்றவர்களும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. உள்ளே, மைக்கிரோவேவ் காட்சியில் சிரிப்பு. ராம்போவின் முதற்படத்துக்கும் இதற்கும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள் ஒரே ஆட்கள்தான் என்று வீடியோக்காரர் சொல்ல, அதற்கும் ஒரு விசில். வெளியே நின்ற சின்னவர்களுக்கு ஆங்கில வசனமும் விளங்கவில்லை, சத்தமும் சரியாக எட்டவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு குளம், ஒரு கை, எலொன்ட்ரா என்ற பெயர் மட்டும்.

படம் முடிந்து கலந்துரையாடல் இருக்க வேண்டும். அது ஐப்பசி, படம் முடியும் தறுவாயில் மழை பிடித்துக்கொண்டது. புரொஜெக்டர் நனையாமல் பொலித்தீன் சுற்றுவதிலேயே எல்லோருடைய கவனமும் போனது. கதைப்பதை அடுத்த கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

பின்வந்த நாட்களில் கவனிக்கப்பட்டவை

இரண்டு மூன்று நாளில் ஆச்சிக்கு எலொன்ட்ரா என்று பெயர் விழுந்தது. முதலில் சின்னவர்களுக்குள் விளையாட்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் குளக்கட்டுப் பாதையை விட்டுச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். பிறகு பத்து, பதினொரு வயதுப் பொடியன்களில் சிலர், பொழுதுபட்ட பிறகு அவருடைய தகரக் கூரைக்குக் கல் எறிந்துவிட்டு ஓடுவது வீரமாகியது. எறிபவன் ஓடாமல் நிற்கும் நேரத்தை மற்றவர்கள் எண்ணிச் சொல்ல வேண்டும் என்பது விளையாட்டின் விதி.

எறிந்தவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் இரண்டும் சிவந்துபோயின. கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நடக்க முடியாது என்று அழுதான். குளத்துக்குள்ளிருந்து கை வந்து காலைப் பிடித்துவிட்டது என்று கூட்டாளிகள் முடிவுகட்டினார்கள். அவனும் அதையே நம்பினான். கல் எறிந்ததைத் தாய்க்குச் சொன்னால் அடி விழும், சொல்லாவிட்டால் காலை விடமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தான்.

தாய்க்குக் கிடைத்தது கதையின் வால் மட்டும்: ஆச்சி பிள்ளையை முறைத்துப் பார்த்தவவாம். அதே கிழமையில் பக்கத்து வளவில் ஒரு கன்றும் செத்தது. மாரியில் கன்று சாவது இங்கே புதிய சங்கதியில்லை, ஆனால் அந்தக் கிழமை அது புதிய சங்கதியாகிவிட்டது. செய்வினையை எடுக்கும் சடங்கான கழிப்புக் கழிக்க வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவதென்று ஏற்பாடாகியது. செய்வினை செய்தவரின் வாசலில்தான் கழிப்பை முடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் கேள்விப்பட்டோம். வீடியோக்காரர் பதறிக்கொண்டு வந்து என்னையும் என் சக பணியாளரான ஒரு அக்காவையும் பிடித்தது அந்தக் கட்டத்தில்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் பையன். கழிப்பைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் எதிராகப் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த வீட்டுப் படலை எங்களுக்குச் சாத்தப்பட்டிருக்கும். “அதையும் செய்யுங்கோ அம்மா, அதுக்கு முதல் ஒரு இரத்தம் குத்திப் பாத்திட்டு வருவம்” என்று அக்கா சொன்னார். வயலும் வாய்க்காலும் உள்ள ஊரில், மழை தொடங்கிய கையோடு, காய்ச்சலும் சிவந்த கண்ணும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது எலிக்காய்ச்சலை. ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். மறித்து வைத்து அன்ரிபயோட்டிக் ஏற்றினார்கள். பையன் வரம்புத் தண்ணீருக்குள் வெறுங்காலோடு நாள் முழுக்க நிற்பவன். பிந்தியிருந்தால் சிறுநீரகத்திலும் ஈரலிலும் போய் நின்றிருக்கும்.

கண் சிவப்பும் கால் நோவும் இந்த நோயின் அடையாளங்கள் என்பதை வாட்டிலிருந்த டொக்டர் பையனுக்கே சொன்னார். அப்போதுதான் கல் எறிந்த கதையை அக்காவிடம் அவிழ்த்தான்.

அடுத்து ஆச்சி. ஊர்க்கூட்டம் கூட்டி விளக்கம் சொல்லுவோம் என்று சிலர் நின்றார்கள். பொலிஸுக்குப் போவோம் என்று ஒருவர். நாங்கள் இரண்டையும் நிறுத்திவைத்தோம். பாதிக்கப்பட்டது அவர், அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி எந்தக் கூட்டமும் கூடாது என்பது ஒரு காரணம். மற்றது, கூட்டத்தில் எழும்பி ‘இந்த அம்மா சூனியக்காரி இல்லை’ என்று ஒருவர் சொன்னாலே போதும், அதுவரை காதில் விழாதவர்களுக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிடும்.

அவர் எங்களை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. “அது ஆரெண்டு ஒரு பொடியனைக் கேட்டனான். தண்ணிக்குள்ள அமத்திக் கொண்டவையாமே. பாவம்,” என்றார். வேறு எதுவும் அதைப்பற்றிச் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் கணக்காக வந்தது: “கூட்டம் வைச்சு என்ர கதையை ஊருக்குள்ள எடுக்காதேங்கோ. எறிஞ்ச பிள்ளையளைக் கொண்டுவந்து மன்னிப்புக் கேக்க வைக்காதேங்கோ, பிறகு அதுகள் இந்தப் பக்கமே வராதுகள். ரெண்டு தகரம் ஒழுகுது, அதை மாத்தித் தந்தால் சரி.”

அப்படியே செய்தோம். வீடியோக்காரரும் படவட்டத்துப் பெரிய பொடியன்களும் தகரத்தை மாற்றினார்கள். எறிந்தவர்களில் இருவர் தாங்களாகவே வந்து ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

எலிக்காய்ச்சல் விஷயத்தை ஊருக்குச் சொல்வதற்கு வேறு வழி பிடித்தோம். வயலில் இறங்குபவர்களுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பது பொதுச் சுகாதார பரிசோதகரின் வழமையான வேலை. அதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தோடு சேர்த்துச் செய்ய அவர் உடன்பட்டார். பையனுக்கு வந்தது இந்த நோய்தான் என்று தகப்பன் தானாக எழும்பிச் சொன்னார். செய்வினை பற்றிய பேச்சே அங்கே எடுபடவில்லை. கழிப்புக்காரருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

படத்தைத் திரும்பத் திறந்தது

பெரிய பிள்ளைகளோடு கதைக்காமல் விடுவதில்லை என்று வீடியோக்காரரும் நாங்களும் முடிவெடுத்தோம். பட்டப்பகலில், ஒரு வீட்டு விறாந்தையில், மடிக்கணினியில் மூன்று காட்சிகளை மட்டும் போட்டார். முதலில் சத்தமில்லாமல். பிறகு அதே காட்சிக்குத் தன்னுடைய கலியாண வீடியோ நாதஸ்வரத்தை ஏற்றிப் போட, எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். பயத்தில் பாதி காதுக்குள்ளால் வருவது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம், கை வரும் ஒரு காட்சியை நிறுத்திவைத்துக் கேட்டார்: இந்தக் கைக்குப் பின்னால் உங்களுக்கு எந்த முகம் தெரிந்தது? கொஞ்ச நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை, “குளத்தடி ஆச்சின்ர முகம்தான் வந்தது, படம் ஓடேக்கையே வந்தது,” என்றாள். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய தகவல் இதுதான். படம் வேண்டுமென்றே முகத்தை ஒளித்துவைக்கிறது. பார்ப்பவர் தன் கையிருப்பிலிருந்து ஒரு முகத்தை அங்கே வைக்கிறார். அமெரிக்க நகரத்துப் பிள்ளைக்கு அந்தக் கையிருப்பு வேறு படங்களிலிருந்து வரும். இங்கே குளமும் இருந்தது, குளத்தடியில் தனியே ஒரு கிழவியும் இருந்தார், அவரைப் பற்றி அரைகுறையாக ஒரு கதையும் இருந்தது.

வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி 1692 என்ற ஆண்டைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்துவிட்டு வந்திருந்தாள். அது அமெரிக்காவில் சேலம் என்ற ஊரின் சூனிய வழக்குகள் நடந்த ஆண்டு. 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள், 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒரு முதியவர் கல் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். படத்தில் வருவதுபோல நீரில் அமிழ்த்தி யாரையும் அங்கே கொல்லவில்லை. முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருத்தி பிச்சைக்காரி. கொடுக்காத வீட்டு வாசலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு போனாள் என்பதும் அவளுக்கு எதிரான சாட்சியம். அவளுடைய நாலு வயது மகளையும் விலங்கிட்டுச் சிறையில் வைத்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் கடைசிப் பெண்ணின் பெயரிலிருந்து குற்றம் நீக்கப்பட்டது 2022இல்தான். மாணவி இதையெல்லாம் கொப்பியைப் பார்த்து வாசித்தாள். முணுமுணுத்துக்கொண்டு போனாள் என்ற இடத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படத்தில் இந்தப் பக்கம் இல்லை. எலொன்ட்ராவை ஊர் கொன்றது சரியா என்று அது கேட்பதே இல்லை. அவள் பேயோடு கூட்டுச் சேர்ந்தவள், ஆகவே கொன்றார்கள், ஆகவே பழிவாங்குகிறாள். அந்தப் படத்துக்கு அது போதும். இங்கே கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், பேரப்பிள்ளையோடு வந்து ஓரமாக இருந்தவர், அதில்தான் கொழுவினார். பழிவாங்கிய பெண் எங்களுக்கும் இருக்கிறாள், மதுரையையே எரித்தவள், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்குவது அவளுக்குத்தானே என்றார். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கே அவள் கட்டளையிட்டதையும் சொன்னார். உடனே ஒரு பொடியன்: “அப்ப எங்கட அம்மன் ஆர் பிழை விட்டது எண்டு பாத்துத்தான் எரிச்சவா. இது ஆளைப் பாக்காமல் வெட்டுது.” அது எங்கள் பட்டியலில் இல்லாத கேள்வி. பிறகு முக்கால் மணித்தியாலம் அதிலேயே போனது. அநியாயம் செய்யப்பட்டவள் எந்தக் கட்டத்தில் தெய்வமாகிறாள், எந்தக் கட்டத்தில் பேயாகிறாள் என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடினார்கள். முடிவு எதுவும் வரவில்லை.

சின்னவர்களுக்குப் படத்தைக் காட்டவுமில்லை, விளக்கவுமில்லை. அண்ணாவியார் வற்றாப்பளைக் கதையைச் சொன்னார். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த பிள்ளைகளிடம் ஒரு கிழவி தனியே வருகிறாள். பிள்ளைகள் கொட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள், பொங்கிக் கொடுக்கிறார்கள். எண்ணெய் இல்லையே என்றபோது கடல்நீரில் விளக்கேற்றச் சொல்கிறாள். தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். பார்த்தால் தலை நிறையக் கண்கள். வந்தவள் அந்த அம்மன்தான். வன்னிப் பிள்ளைகளுக்கு இது கேட்ட கதைதான். குளத்தடி ஆச்சியைப் பற்றி அண்ணாவியார் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, அது அவருடைய கெட்டித்தனம்.

விளைவு

கல்லெறி நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளக்கட்டுப் பாதைக்குத் திரும்பினார்கள். தாய்மார் மறுபடி நாவூறு பார்க்கப் போகிறார்கள். ஒரு குடும்பம் மட்டும் இன்னும் போவதில்லை. கன்று செத்த வீடு அது. அவர்களை யாரும் நெருக்கவில்லை, நெருக்கவும் தேவையில்லை.

பெயர் முழுதாக மறையவில்லை. இப்போது கிரிக்கெட் விளையாடும்போது பந்தைப் பிடிக்கத் தவறியவனை எலொன்ட்ரா என்கிறார்கள். அது அங்கேயே கிடக்கட்டும்.

சனசமூக நிலைய நிர்வாகம் இனிப் பேய்ப்படம் இல்லை என்று தீர்மானம் எழுதியது. அவர்களுடைய பயம் விளங்குகிறது, ஆனால் முடிவு எனக்கு உடன்பாடில்லை. தீர்மானத்துக்குப் பிறகு அதே பிள்ளைகள் அதே மாதிரிப் படங்களைப் போனில், நிறுத்திக் கேட்க ஆளில்லாமல், இரவில் பார்க்கிறார்கள். படவட்டத்திலிருந்து இரண்டு பேர் கழன்றும்விட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

இப்படி ஒரு திரையிடலுக்கு என்னிடம் ஆலோசனை கேட்டால், வயதுக் கட்டுப்பாட்டைவிடக் கட்டிடத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கம்பிவலைச் சுவருக்குள் வயதெல்லை போட முடியாது. கதவு சாத்தக்கூடிய அறை கிடைக்காவிட்டால் அந்தப் படம் வேண்டாம்.

கலந்துரையாடல் அன்றைக்கே, பத்து நிமிடமாவது நடக்க வேண்டும். மழை வந்தால் இடைவேளையிலேயே கதைக்கலாம். ஒரு கிழமை தாமதம் என்பது ஒரு பெயர் ஊர் முழுக்கப் போய்வரப் போதுமான காலம்.

படத்தைத் தேர்ந்தவுடன் ஏற்பாட்டாளர்கள் தங்களுக்குள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கதையில் வரும் ஆளுக்கு ஒத்த ஆள் எங்கள் ஊரில் யார்? சூனியக்காரிப் படமென்றால் தனியே இருக்கும் கிழவி. கொலைகாரன் படமென்றால் மனநோய்க்கு மருந்து எடுப்பவர். பெயரொன்று உடனே நினைவுக்கு வந்தால், அந்த ஆளின் பக்கமிருந்து யோசித்துவிட்டுத்தான் திகதி வைக்க வேண்டும். படத்தைக் கைவிட வேண்டும் என்பதில்லை. முகம் காட்டாத காட்சியை முன்கூட்டியே சொல்லி வைத்து, அங்கே என்ன முகம் வருகிறது என்று கவனிக்கச் சொல்லலாம்.

சக பணியாளர் அக்கா ஆச்சியிடம் இடைக்கிடை போய்வருகிறார். குளிசை கொடுப்பதை அடுத்த காலபோக விதைப்புக்கு முன்பே, பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து, அறிவிப்பதென்று பரிசோதகரோடு பேசியிருக்கிறோம். அறிவித்தலில் சிவந்த கண்ணையும் கெண்டைக்கால் நோவையும் படம் போட்டுக் காட்டக் கேட்டிருக்கிறோம்.